பிரகடனம் என்ற சொல் விஷயமாக

தல்லாகுளம், மதுரை
யுவ வருஷம், மாசி மாதம் 12-ந் தேதி

ஸ்ரீமான் பஞ்சாபகேசன் அத்திம்பேர் அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் ஹாலாஸ்யம் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது.

மீனாக்ஷி கிருபையால் இங்கே நானும் பாலாம்பாளும் சௌக்கியம். அங்கே தாங்களும் விஜயம் அக்காவும் சௌக்கியம் என்பதைத் தங்கள் கடிதத்தின் முதல் வரியில் கண்டு சந்தோஷப்பட்டேன். இரண்டாம் வரியைப் படித்ததும் என் சௌக்கியம் போய்விட்டது. 'ஆபீஸில் கேட்கிறபடி ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடு, ஆவணியில் பென்ஷன் ஆகப்போகிறவன் ஒரு சொல்லுக்காக இருபத்தெட்டு வருஷத்து உத்தியோகத்தை வைகையில் விடாதே' என்று எழுதியிருக்கிறீர்கள். தாங்கள் பெரியவர், எனக்கு இந்த வேலைக்கே சிபாரிசு செய்தவர். ஆனாலும் அத்திம்பேரே, கையெழுத்துப் போட மாட்டேன். அந்த ஒரு வரி என்னவென்று தங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நானே சொல்லிவிடுகிறேன். 'பிரகடனம் என்ற சொல் திருவாதவூர்க் குடிகளுக்கு நன்றாக விளங்கக்கூடியதே. விளங்காது என்று நான் கோர்ட்டில் சொன்னது என் ஞாபகப் பிசகு.' இதுதான் அந்த வரி. இதில் எனக்குப் பிசகாமல் ஞாபகம் இருப்பதை எல்லாம் கீழே எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுப் பிறகு கோபித்துக்கொள்ளுங்கள்.

போன ஐப்பசி மழையில் திருவாதவூர்க் கண்மாய் கரை தொட்டு நிறைந்தது. நடு மடையின் கட்டடத்தில் ஒரு விரிசல் விட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டு எங்கள் கலெக்டர் துரை நேரில் போய்ப் பார்த்தார். கூட வந்த இஞ்சினீயரிடம், பழுது பார்த்து முடிகிறவரை இந்த மடையை யாரும் திறக்கக்கூடாது என்று இங்கிலீஷில் சொன்னார். சுற்றி நின்ற ஜனங்களுக்குத் துரையின் வாய் அசைந்தது தெரிந்ததே தவிர வேறொன்றும் தெரியவில்லை. அவர் குனிந்து கைத்தடியால் மடைக்குள் இரண்டு தடவை குத்திப் பார்த்ததையும் எல்லோரும் பார்த்தார்கள். ஆபீசுக்குத் திரும்பியவர், தாம் அந்த ஸ்தலத்தில் ஒரு ப்ரொனௌன்ஸ்மெண்ட் செய்திருப்பதாகவும், அதைத் தமிழில் எழுதிக் கிராமத்தில் தெரியப்படுத்த வேண்டுமென்றும் பைலில் எழுதிவைத்தார். பைல் என் மேஜைக்கு வந்தது. நான் மொழிபெயர்ப்புக் குமாஸ்தா. 'நடு மடையைப் பழுது பார்க்கிறவரை யாரும் திறக்கக்கூடாது என்று துரை சொல்லியிருக்கிறார்' என்று ஒரு வரி எழுதி, மை காயுமுன் சிரஸ்தார் ராஜாராமனிடம் கொண்டுபோய் வைத்தேன். எங்கள் குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலே உட்கார்ந்திருப்பவர் அவர்தான். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"துரையும் சொல்றார், துரையோட வண்டிக்காரனும் சொல்றான். ரெண்டும் ஒண்ணா ஓய்?" என்றார்.

அப்புறம் ஆரம்பித்தது என் கஷ்டகாலம். 'உத்தரவு' என்று மாற்றினேன். உத்தரவென்றால் நம்பர் வேண்டும், சட்டத்தில் ஒரு செக்‌ஷன் வேண்டும், கண்மாய்க் கரையில் நின்று பேசினதற்கு நம்பருக்கு எங்கே போவது என்று அடித்தார். 'வாக்கு' என்று போட்டேன். வாக்கென்றால் காப்பாற்ற வேண்டியதாகிவிடும், சர்க்காரை அப்படி மாட்டிவிடக்கூடாது என்று அடித்தார். 'கட்டளை' என்றேன். அது கோயிலில் சுவாமிக்கு எழுதிவைப்பது, ஊர்க்காரன் என்றைக்குப் பிரசாதம் என்று கேட்டுக்கொண்டு வந்து நிற்பான் என்றார். 'தாக்கீது' நவாபு காலத்துச் சரக்காம். 'தீர்மானம்' காங்கிரஸ்காரர்கள் நிறைவேற்றுவதாம். கடைசியில் அவரே அலமாரியிலிருந்து அகராதியை எடுத்து, விரலை எச்சில் தொட்டுப் புரட்டி, ஒரு பக்கத்தில் நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் பேரன் பிறந்த அன்றைக்குக்கூட நான் பார்த்ததில்லை. 'பிரகடனம்' என்றார். அவ்வளவு பெரிய சொல்லை நடுவில் வைத்த பிறகு அக்கம்பக்கத்துச் சொற்களும் அதற்குத் தகுந்தவையாக இருக்க வேண்டாமா? ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனோம். முடிவில் இப்படி நின்றது: 'திருவாதவூர் நடு மடை விஷயமாக மேன்மை தங்கிய துரையவர்கள் ஸ்தலத்தில் செய்தருளியிருக்கும் பிரகடனத்துக்கு எவரும் எவ்விதப் பங்கமும் விளைவிக்கலாகாது.' இதில் மடையைத் திறக்கக்கூடாது என்பது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "அது பிரகடனத்துக்குள்ள இருக்கு" என்றார் சிரஸ்தார். நான் வாயை மூடிக்கொண்டு முத்து முத்தாக நகல் எழுதிக் கொடுத்தேன். அது என் தப்பு. அதை நான் இன்றுவரை யாரிடமும் மறைக்கவில்லை.

காகிதம் திருவாதவூருக்குப் போயிற்று. கிராம முன்சீப் சிவனாண்டி அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, தமுக்கடிக்கிற காளை என்பவனைக் கூப்பிட்டு மூன்றாம் தடவை வாசித்துக் காட்டினார். காளைக்கு அத்தனை நீள வாக்கியம் நாக்கில் நிற்கவில்லை. நாலு தெருவிலும் அவன் தமுக்கடித்துச் சொன்னது, நடு மடைக்குள்ளே துரை ஒரு பிரகடனம் செய்து வைத்திருக்கிறார், அதற்கு ஒரு பங்கமும் வரக்கூடாது என்பதுதான். செய்து வைத்திருக்கிறார் என்றால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? தண்ணீர் அளக்கிற மிஷின் என்றார்கள் சிலர். எழுத்து வெட்டின கல் என்றார்கள் சிலர். சீனியம்மாள் என்கிற அம்மாள், துரை குனிந்து தடியால் உள்ளே தள்ளினதைத் தானே கண்ணால் பார்த்ததாகவும், அது முட்டை வடிவத்தில் பித்தளை நிறமாக இருந்ததாகவும் சாட்சி சொன்னாளாம். மறுநாள் மடைக்கல்லில் மஞ்சள் துணி கட்டியாயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை பொங்கல் வைத்தார்கள். எருமைகளை அந்தப் பக்கம் இறக்காமல் சுற்றிக்கொண்டு ஓட்டினார்கள். சர்க்கார் காகிதத்துக்கு இம்மாதிரி மரியாதை இந்த ஜில்லாவில் வேறெங்கும் நடந்ததாக நான் கேட்டதில்லை.

நடு மடைப் பாய்ச்சலில் கடைசி வயல் மலையாண்டி என்பவனுடையது. கார்த்திகைக் கடைசியில் அவன் நெல் கதிர் தள்ளப்போகிற பருவத்தில் பொதி கட்டி நிற்கிறது. வயலோ பாளம் பாளமாக வெடிக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் கண்மாயில் தண்ணீர் தளும்புகிறது. மடையைப் பழுது பார்க்க ஒருவரும் வரவில்லை. பன்னிரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு முன்சீப்பிடம் போய், தண்ணீர் திறந்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறான். சிவனாண்டி யோக்கியர். காகிதத்தை எடுத்துத் திரும்ப ஒரு தடவை வாசித்தார். தண்ணீரைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை, பிரகடனத்துக்குத்தான் பங்கம் வரக்கூடாது, அதைப் பார்த்து நடந்துகொள் என்று சொல்லி அனுப்பினார். அதன்படியே மலையாண்டி பட்டப்பகலில், ஊரில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, குளித்து ஈரவேட்டியோடு மடையில் இறங்கினான். கரையில் அவன் பெண்சாதி முனியாயி நின்றாள். முழுகி முழுகிக் கையைவிட்டுத் தடவிப் பார்த்தான். தட்டுப்பட்டால் பத்திரமாக எடுத்துக் கரையில் வைத்துவிட்டு, தண்ணீர் பாய்ந்ததும் மறுபடி இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும் என்பது புருஷனும் பெண்சாதியும் முதல்நாளே பேசி வைத்திருந்த ஏற்பாடு. ஒன்றும் தட்டுப்படவில்லை. அடைப்பை ஒரு சாண் தூக்கினான். தண்ணீர் போயிற்று. கரை இடியவில்லை. விரிசல் ஒரு நூல்கூட அதிகமாகவில்லை. நாலாம் நாள் போலீஸ் வந்தது. துரையின் பிரகடனத்தை மீறின குற்றத்துக்காக அவனைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பதினெட்டு நாள் காவலில் வைத்தார்கள். பிறகு ஜாமீனில் விட்டாலும் வாய்தாவுக்கு வாய்தா மதுரைக்கு நடந்தான். இந்த வருஷத்து அறுப்பை முனியாயி ஒருத்தியாகக் களத்தில் நின்று முடித்தாள்.

தைக் கடைசியில் கேஸ் எடுத்தார்கள். ஆபீஸ் காகிதங்களை ஆஜர்படுத்த நானும் போயிருந்தேன். பிரகடனத்தை மீறினாயா என்று மாஜிஸ்டிரேட் கேட்டார். மலையாண்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நான் அதைப் பாக்கவே இல்லீங்க எசமான். அம்புட்டுத் தூரம் கையவிட்டுத் துழாவினேன். ஒரே ஒரு நத்தைதான் இருந்துச்சு. அதுதானோ என்னமோன்னு அதையும் நசுக்காம எடுத்து ஓரமா வச்சிட்டேன்."

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்டிரேட் சிரிக்கவில்லை. காகிதத்தை வாங்கித் தாமே வாசித்தார். இன்னொரு தரம் வாசித்தார். இதை எழுதினது யார் என்று கேட்டார். எழுந்து நின்றேன். மறுநாள் சாட்சிக் கூண்டில் ஏறி இந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்ல வேண்டுமென்று உத்தரவாயிற்று. இந்த உத்தரவுக்கு நம்பர் இருந்தது.

ஆபீசுக்கு வந்ததும் சிரஸ்தார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குழந்தைக்குக்கூட விளங்கும் சொல் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட வேண்டும், மேலே ஒரு வார்த்தை பேசக்கூடாது என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை காபி கொண்டுவந்த பாலாம்பாளிடம், பிரகடனம் என்றால் உனக்கு என்ன தெரிகிறது என்று சும்மா கேட்டேன். கோயிலில் சுற்றுகிறோமே அதுவா என்றாள். அது பிரதக்ஷிணம் என்றேன். அப்படியானால் தெரியாது என்றாள். குழந்தைக்குக்கூட விளங்கும் என்று இன்றைக்கு நான் பிரமாணம் செய்து சொல்லப் போகிறேன் என்றேன். டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனவள், நிலைப்படியில் நின்று திரும்பினாள்.

"எனக்குத் தெரியலை, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அந்த ஊர்க்காராளுக்குத் தெரியுமோ தெரியாதோ, அதைத்தானே கேட்கறா? தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லிட்டு வாங்கோ."

கூண்டில் ஏறினேன். இந்தச் சொல்லுக்கு அங்கீகரிக்கப்பட்ட அர்த்தம் உண்டா என்று சர்க்கார் வக்கீல் கேட்டார். உண்டு என்றேன், அதிகாரம் உடையவர் பலர் அறியும்படி வெளியிடும் வார்த்தை, எல்லோரும் மதித்து நடக்க வேண்டியது, பேச்சுக்கு மேலே, சட்டத்துக்குக் கீழே என்று அகராதி தோற்கும்படி சொன்னேன். அப்படியானால் எதிரியான மலையாண்டிக்கும் அது தெரிந்திருக்க வேண்டுமே என்றார். எதிரிக்கு அதைத் தமிழில் யாரும் சொல்லவில்லை என்றேன். வக்கீலுக்குக் கோபம் வந்துவிட்டது. பிரகடனம் தமிழில்லையா என்று கேட்டார். இங்கேயே விசாரித்துப் பார்க்கலாமே என்றேன். மாஜிஸ்டிரேட்டுக்கு அதில் ஒரு ருசி தட்டியிருக்க வேண்டும். வாசலில் நின்று பெயர் கூப்பிடுகிற சேவகனைக் கேட்டார். ஏதோ கடன் சம்பந்தமானது, திருப்பிக் கொடுக்காவிட்டால் ஜப்தி வரும் என்றான் அவன். மலையாண்டியைப் பிடித்துவந்த கான்ஸ்டேபிளைக் கேட்டார். மடையைத் திறக்கிற குற்றத்துக்குப் பெயர் பிரகடனம் என்றார் அவர். வக்கீலையே கேட்டார். "கட்டளை" என்றார் வக்கீல். அந்த வார்த்தை எங்கள் ஆபீஸில் நிராகரிக்கப்பட்டுவிட்டது என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து முதல் நகலை எடுத்து நீட்டினேன். உத்தரவு, வாக்கு, கட்டளை, தாக்கீது, தீர்மானம் எல்லாம் சிவப்பு மையில் அடிபட்டு அதில் வரிசையாகக் கிடந்தன. உச்சியில் நான் முதலில் எழுதின வரியும் இருந்தது. மாஜிஸ்டிரேட் அதை உரக்க வாசித்துவிட்டு, இது உனக்கு விளங்குகிறதா என்று மலையாண்டியைக் கேட்டார்.

"இதத்தான் சொன்னாகளா? இப்புடிச் சொல்லியிருந்தா நான் மடைக்கே போயிருக்க மாட்டேனே எசமான். விரிசல அடைக்க எப்ப வாரீகன்னு கேட்டு ஆபீஸ் வாசல்லல்ல வந்து உக்காந்திருப்பேன்."

எதிரி தனக்கு விளங்கிய அளவில் பிரகடனத்துக்கு எந்தப் பங்கமும் விளைவிக்கவில்லை என்று எழுதி விடுதலை செய்துவிட்டார். வெளியே வேப்பமரத்தடியில் முனியாயி என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். மலையாண்டிக்கு மட்டும் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. அது கடைசியில் எங்கேதான் இருக்கிறது சாமி என்று என்னிடம் மெதுவாகக் கேட்டான்.

அன்று பிடித்தது எனக்குச் சனி. ஆபீஸ் நகலை வெளியே காட்டினதற்கு மெமோ. மொழிபெயர்ப்பு மேஜையிலிருந்து எடுத்து ரிகார்டு அறையில், கரையான் தின்றது போக மிச்சமிருக்கிற கட்டுகளுக்கு நடுவில் உட்கார வைத்திருக்கிறார்கள். மாசிக் கடைசிக்குள் மேற்படி வரியில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் பென்ஷன் விஷயம் யோசிக்கப்படும் என்கிறார்கள். யோசிக்கட்டும். அத்திம்பேரே, இருபத்தெட்டு வருஷமாக நான் இந்த ஜில்லாவின் ஊர்களுக்கு எத்தனை ஆயிரம் காகிதம் எழுதியிருப்பேன். இன்ன நிலம் ஏலம், இன்ன புறம்போக்கு ஆக்கிரமணம், இன்ன வாய்க்கால் பராதீனம் என்று எழுதி எழுதி அனுப்பினேன். அந்தக் காகிதம் போய்ச் சேர்ந்த ஒரு மனுஷனை அதுவரை நான் கண்ணால் பார்த்ததில்லை. முதல்முதலாகப் பார்த்தது மலையாண்டியை. எதிரிக் கூண்டில் பார்த்தேன். அவனுக்கு விளங்கியிருந்தது என்று இப்போது எழுதிக் கொடுத்தால், தெரிந்தே செய்தான் என்று ஆகிறது. அப்படி எழுத என் கை வராது. தாங்கள் சிபாரிசு செய்து வாங்கித் தந்த உத்தியோகத்தைத் தாங்களே திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னாலும் சரி. துரையே ரிகார்டு அறைக்கு இறங்கிவந்து நின்றாலும் சரி. இந்தக் கடிதத்தில் எழுதியவை நீங்கலாக, அந்தச் சொல்லை இனி என் உயிருள்ளவரை என் பேனாவால் எழுத மாட்டேன். யாராவது எழுதினால் அடிப்பேன். சொல்லை அடிப்பேன் என்று சொன்னேன், எழுதினவரை அல்ல, சிரஸ்தாராயிருந்தால் யோசிப்பேன்.

விஜயம் அக்காவிடம், தம்பி புத்தி கெட்டுப் பேசுகிறான் என்று சொல்லாமல், தீர யோசித்துப் பேசுகிறான் என்று சொல்லவும். அவளுக்கு முழங்கால் வலிக்கு அழகர்மலைத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன். பாலாம்பாள் தங்கள் இருவருக்கும் நமஸ்காரம் சொல்லச் சொன்னாள். குழந்தைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். கோபம் தணிந்த பிறகு பதில் போட்டால் போதும், அவசரமில்லை.

தங்கள் விதேயன்,
ஹாலாஸ்யம்

பின்குறிப்பு: மாசி 15. தபால் தலை வாங்க மறந்து இந்தக் கடிதம் மூன்று நாள் அலமாரியிலேயே கிடந்துவிட்டது. அதனால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. நேற்று மத்தியானம் திருவாதவூரிலிருந்து மலையாண்டி, முனியாயி, முன்சீப் சிவனாண்டி, இன்னும் எட்டுப் பேர் வண்டி கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். மடை விரிசல் அப்படியே இருக்கிறதாம். அடுத்த மழைக்குள் அடைக்க வேண்டுமென்று துரைக்கு ஊர் சார்பில் ஒன்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். சந்தோஷமாகப் பேனாவை எடுத்து 'விண்ணப்பம்' என்று தலைப்புப் போட்டேன். முனியாயி அது வேண்டாம் என்றாள். பிரகடனம் என்று போடச் சொன்னாள். அது உங்களுக்கு விளங்காத சொல் என்று பொறுமையாகச் சொன்னேன். இப்போது விளங்கும் என்றார்கள் எல்லோரும். மீறினால் பதினெட்டு நாள் உள்ளே போடுவார்களே, அந்தப் பேச்சுக்குத்தான் பிரகடனம் என்று பேர் என்றார் சிவனாண்டி. என் அகராதி அர்த்தத்தைவிட அது நன்றாகவே இருந்தது. ஆனாலும் விடாமல், 'ஊர் சொல்வது' என்று எளிதாகப் போட்டால் போதாதா என்று கேட்டேன்.

"அவுக எழுதுனா பிரகடனம், நாங்க எழுதுனா வெறும் பேச்சா சாமி?" என்றாள் முனியாயி.

'விண்ணப்பம்' என்பதை அடித்தேன். கொட்டை எழுத்தில் 'திருவாதவூர்க் குடிகள் பிரகடனம்' என்று எழுதினேன். முன்சீப் கையெழுத்துப் போட்டார், மற்றப் பத்துப் பேரும் கைநாட்டு வைத்தார்கள். அப்புறம் யோசித்துப் பார்த்ததில், ஆபீஸில் கேட்கிற வரியின் முன்பாதி இப்போது சத்தியமாகிவிட்டதென்று தெரிந்தது. ஞாபகப் பிசகு என்கிற பின்பாதியைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, தாங்கள் சொன்னபடியே கையெழுத்துப் போட்டு, அதற்குச் சாட்சியாக ஊராருடைய காகிதத்தையும் சேர்த்து இன்று காலை சிரஸ்தார் மேஜையில் வைத்துவிட்டேன். ஆகையால் மேலே நான் எழுதியிருப்பதையெல்லாம் மன்னித்துவிடவும். சிரஸ்தார் இரண்டையும் வெகுநேரம் படித்தார். துரைக்குக் காட்டியே தீர வேண்டிய காகிதம், துரைக்கோ தமிழ் தெரியாது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என்னைப் பழைய மேஜைக்குப் போய் உட்காரச் சொன்னார். பிறகு தணிந்த குரலில், தலைப்பை இங்கிலீஷில் எப்படிப் போடுவது ஓய் என்று கேட்டார். அதற்கு ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கிறது, துரையே பைலில் எழுதிவைத்த வார்த்தை என்று சொன்னேன்.